அடிக்கோடு போடாத வரி

ஜூன் 10

இந்த நோட்டு என் கைக்கு வந்த வரலாற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் யாராவது கேட்டால் ஆதாரம் வேண்டும்.

என் அக்கா பேச்சியம்மாளின் மகள் மாரிச்செல்வி. வேதியியலில் பட்டம் வாங்கியவள். அந்த அறிவு அவளுக்குத் தாய்மாமன் வழியில் வந்தது என்பது என் கருத்து. புளியங்குடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் குளியல் சோப்பு செய்கிறாள். எங்கள் வீடு என்று எழுதிவிட்டேன், சரியாகச் சொன்னால் அத்தான் குற்றாலிங்கத்தின் வீடு. நான் கொஞ்ச நாளாக இங்கே தங்கியிருக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது.

சித்த மருத்துவர் ஜெபராணி அம்மா போன மாதம் செல்வி கொடுத்த நாலு கட்டியைப் போட்டுக் குளித்துப் பார்த்துவிட்டு, "ஆகஸ்ட் பதினாறு அன்னைக்கு அறுபது கட்டி குடும்மா. நல்லா இருந்தா மாசா மாசம் அறுபது" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் ஓசூர் மருந்து கம்பெனியிலிருந்தும் கடிதம் வந்திருக்கிறது. ஆகஸ்ட் 18 வேலையில் சேர வேண்டும். அத்தான் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "அறுபது கட்டி தேறுச்சுன்னா இங்க இரு. தேறலன்னா ஓசூர் பஸ் ஏறு." செல்விக்கு ஓசூர் போக மனமில்லை. "அங்க போயி அடுத்தவன் பாட்டில்ல லேபிள் ஒட்டணும் மாமா" என்கிறாள்.

ஊற்றிய சோப்பு நாலு வாரம் காய வேண்டுமாம். ஆகவே ஜூலை 19 கடைசி நாள். காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறாள்.

நான் உதவியாளன். பெயருக்குத்தான் உதவியாளன், உண்மையில் மேற்பார்வை.

"மாமா, யாரு என்ன ஊத்துனா, எத்தன கிராம், எத்தன மணி. நடந்தத மட்டும் எழுதுங்க."

"நான் என்னைக்கு நடக்காதத எழுதுனேன்?"

"நீங்க இன்னைக்குத்தான மாமா எழுதவே ஆரம்பிக்கிறிய."

ஜூன் 13

இன்று பாடம் நடந்தது. எண்ணெய் என்பது மூன்று வால் உள்ள சாமானாம். மூன்று வாலும் ஒரு தலையில் முடிச்சுப் போட்டிருக்கும். காஸ்டிக் சோடா என்கிற காரம் தண்ணீரில் கரைந்து வந்து அந்த முடிச்சை வெட்டும். வெட்டின வால்தான் சோப்பு. மிஞ்சின தலை கிளிசரின். எனக்கு எட்டாம் வகுப்பிலேயே இது லேசாகத் தோன்றியது. அந்த வருடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டதால் வெளியே சொல்லவில்லை.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒவ்வொரு பசி. தேங்காய் எண்ணெய் காரத்தை நிறையத் தின்னும். நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் அதைவிடக் குறைவு. எத்தனை எண்ணெயோ அத்தனைக்குக் கணக்காகக் காரம், அதிலும் நூற்றுக்கு ஐந்து குறைத்துப் போட வேண்டும். "காரம் மிஞ்சுனா தோல் வெந்துரும் மாமா. எண்ணெய் கொஞ்சம் மிஞ்சுனா பரவால்ல."

ஏன் மூன்று எண்ணெய் என்று கேட்டேன். தேங்காய் எண்ணெய் கட்டியாக்கும், நுரை கொடுக்கும். நல்லெண்ணெய் தோலுக்கு இதம். விளக்கெண்ணெய் நுரையை உடையாமல் நிற்க வைக்கும்.

வேலைப் பிரிவினை: எண்ணெய்ப் பக்கம் நான், காரப் பக்கம் அவள். நான் மூன்றையும் நிறுத்து, ஒரே சட்டியில் ஊற்றி, வெதுவெதுப்பாக்கிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவள் கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு காரத்தோடு நிற்பாள். இஸ்ரோவில் இப்படித்தான் என்று அவளுக்குச் சொன்னேன். நான் அங்கே போனதில்லை, போன ஒருவரோடு பஸ்ஸில் வந்திருக்கிறேன்.

ஜூன் 14

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். இஸ்ரோவுக்குக் கீழே சிவப்பு மையில் "இது எதுக்கு?" என்று எழுதியிருக்கிறாள்.

புதுச் சட்டம்: கிராமும் மணியும் வரும் வரிக்கு மட்டும் நான் அடிக்கோடு போட வேண்டும். அவள் அதை மட்டும் படிப்பாள். "மத்தது உங்க இஷ்டம் மாமா. எனக்குப் படிக்க நேரம் இல்ல." படித்த பிள்ளைகளுக்குப் படிப்பதற்கு நேரம் இல்லாமல் போவது ஒரு துயரம்.

ஜூன் 22

மரத்தட்டு மூன்று செய்தேன். ஒரு தட்டுக்கு இருபது கட்டி. ஒன்று கோணல். மரத்தின் குற்றம்.

ஜூன் 29

விளக்கெண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்கி வரச் சொன்னாள். "சங்கரன்கோயில்ல ஆமணக்கு ஆட்டுற கடை இருக்கு மாமா, அங்க போயி சுத்தமானதா பாத்து வாங்குங்க" என்றாள். போனேன்.

போன கதையைச் சுருக்கமாக எழுதுகிறேன். பஸ்ஸில் இடம் இல்லை, டிரைவர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கடைக்காரர் பெரிய மீசைக்காரர். "அண்ணாச்சி, கண்ணால பாக்காம வாங்க மாட்டேன்" என்றேன். என்னை உள்ளே அழைத்துப்போனார். ஏழு பெண்கள் ஆமணக்கு விதையை வறுக்கிறார்கள், இடிக்கிறார்கள், அண்டாவில் கொதிக்க வைக்கிறார்கள், மேலே மிதந்து வருவதை அகப்பையால் வழிக்கிறார்கள். புகையில் கண்ணீர் வழிய நான் நின்றேன். முதல் கொதி எண்ணெயை யாருக்கும் கொடுப்பதில்லையாம், எனக்குக் கொடுத்தார். இரண்டு லிட்டர்.

வீட்டுக்கு வந்ததும் "விளக்கெண்ணெய்" என்று செல்வி லேபிள் ஒட்டிவைத்த கேனில் ஊற்றினேன். வந்த புட்டி இரண்டில் ஒன்றை அக்காவின் மணி பிளான்ட்டுக்குக் கொடுத்தேன். போனதற்கும் வந்ததற்கும் முக்கால் மணி நேரம்தான் ஆனது என்று அக்கா சொல்வது சரியல்ல. அவளுக்குக் கடிகாரம் பார்க்க வராது.

ஜூலை 2

முதல் தட்டு. காலை 10.15. தேங்காய் எண்ணெய் 750 கிராம், நல்லெண்ணெய் 450, விளக்கெண்ணெய் 300. காரம் 224, தண்ணீர் 450, இது செல்வி கை. (அடிக்கோடு போட்டாயிற்று.)

விளக்கெண்ணெய் பற்றி ஒன்று பதிவு செய்ய வேண்டும். நான் வாங்கியது உயர்ந்த ரகம். தண்ணீர் மாதிரி ஓடுகிறது. சுத்தம் கூடினால் ஓட்டம் கூடும் என்பது என் கண்டுபிடிப்பு.

ஜூலை 4

சோப்பு வியர்க்கிறது.

பொய் இல்லை. கட்டிகளின் மேல் முத்து முத்தாக எண்ணெய். செல்வி ஒன்றை எடுத்து நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். சோப்பு தயாரா என்று பார்க்க அதுதான் வழியாம். நானும் தொட்டேன். பேட்டரியை நக்கின மாதிரி சுரீர் என்றது. சாயங்காலம் வரை காப்பி ருசி தெரியவில்லை.

"எண்ணெயும் மிஞ்சியிருக்கு, காரமும் மிஞ்சியிருக்கு. ரெண்டும் ஒண்ணா எப்படி மாமா மிஞ்சும்? ஒண்ணு இருந்தா இன்னொண்ணத் தின்னுருக்கணுமே."

"சண்டை போட்டிருக்கும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

ஜூலை 7

இரண்டாம் தட்டு. காலை 9.40. அதே எடை, புதுக் காரம். பழையது காற்றில் ஈரம் இழுத்திருக்கும் என்று செல்விக்குச் சந்தேகம்.

ஜூலை 9

வியர்வை. சுரீர். நாக்குக்கு வெண்ணெய் தடவினேன்.

ஜூலை 12

மூன்றாம் தட்டு. காலை 11.05. அதே எடை. தராசு மாற்றப்பட்டது. அத்தானின் ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்து நகைக்கடையில் கெஞ்சி ஒரு மின்தராசு வாங்கி வந்தாள். நான் போய்க் கேட்டிருந்தால் கடையையே கொடுத்திருப்பார்கள். என்னைப் போகச் சொல்லவில்லை.

ஜூலை 14

மூன்றாவதும் போயிற்று. அறுபது கட்டி வியர்த்துக்கொண்டு வரிசையாகக் கிடக்கிறது. பார்த்தால் தேர்வு எழுதப் போகிற பிள்ளைகள் மாதிரி இருக்கிறது.

செல்வி சாப்பிடவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, எடை சரி. காரம் சரி. தண்ணி சரி. தேங்கா எண்ணெயும் நல்லெண்ணெயும் நம்ம வீட்டுச் சமையலுக்கு வாங்குற அதே கடை. மிச்சம் வெளக்கெண்ணெய்தான். அத ஆட்டுறத நீங்க கண்ணால பாத்தியளா?"

"பாத்தேன்."

"கலப்படம் பண்ணியிருப்பாங்களா?"

"ஏழு பொம்பளைங்க, செல்வி. என் கண்ணு முன்னால."

"அப்ப என் கணக்குதான் தப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். மே மாதம் ஜெபராணி டாக்டரம்மாவுக்குக் கொடுத்த நாலு கட்டியும் ஏதோ குருட்டுவாக்கில் வந்ததாம். அவளுக்கு ஒன்றும் தெரியாதாம். நாலு வருடம் படித்தது வீணாம். மூன்று வருடம்தான் என்று திருத்தினேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 15

அத்தான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிரீஸ் கையோடு வந்தார். பைக் மெக்கானிக்குகளுக்கு வாய்க்குப் பிரேக் கிடையாது.

"என்னவே மாப்ள, மூணு தட்டும் போச்சாமே? நீரு கைய வச்சா வெளங்குமா? வெளக்கெண்ணெய்!"

அவர் என்னை அப்படி அழைப்பது புதிதல்ல. அவர் கல்யாணப் பந்தியில் நான் சாம்பார் வாளியோடு வந்து சேருவதற்குள் ஆட்கள் பாயசத்துக்குப் போய்விட்டார்களாம். அன்று வைத்த பெயர். இருபத்தாறு வருடம் பொறுத்தேன். இன்று பொறுக்கவில்லை.

"வெளக்கெண்ணெய்ன்னா மந்தம்னு யாரு சொன்னா அத்தான்? வாங்க காட்டுதேன்" என்று பின்கட்டுக்கு இழுத்துப்போய், கேனைச் சாய்த்துக் கிண்ணத்தில் ஊற்றினேன். குபுக்கென்று விழுந்து நிரம்பி வழிந்தது.

அத்தான் குனிந்து பார்த்தார். "என்னவே இது, டீசல் மாதிரி ஓடுது? வெளக்கெண்ணெய்ன்னா தேன் எறங்குற மாதிரி எறங்கணும்வே. அதனாலதான ஒமக்கு அந்தப் பேரே வச்சது!" சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார்.

நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மணி பிளான்ட் புட்டியைக் கழுவினேன். லேபிளில் எழுத்து மிகவும் சின்னது. கண்ணாடி போட்டுப் படித்தேன். தலை வலிக்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன்.

ஜூலை 16

வெயில். எதுவும் நடக்கவில்லை.

ஜூலை 17

அக்கா துவரம்பருப்பு வாங்கியிருக்கிறாள். புழு வைக்காமல் இருக்கத் தடவுவதற்கு ஒரு கரண்டி விளக்கெண்ணெய் கேட்டாள். கொடுக்கவில்லை.

"ஏம்ல?"

"அறிவியல்."

"பருப்புக்கு என்னல அறிவியல்? எடு கரண்டிய."

கேனை என் கட்டிலுக்கு அடியில் வைத்துப் படுத்துக்கொண்டேன்.

செல்வி பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்றேன். "நாலாவது தடவையும் அதையேதான மாமா செய்யப் போறேன்? எதுல தப்புன்னு தெரியாம எதத் திருத்த?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். பௌர்ணமிக்கு எண்ணெய் பொங்கும் என்று வந்தது. அதைச் சொல்ல நினைக்கவில்லை. வேறு ஒன்று சொல்லத்தான் திறந்தேன்.

"போங்க மாமா" என்றாள், கோபம்கூட இல்லாமல்.

ஜூலை 18

காலை முதல் பஸ்ஸில் சங்கரன்கோவில் போனேன். டிக்கெட்டை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நின்றுகொண்டே போனேன். டிரைவர் என்னைப் பார்க்கவில்லை.

ஆமணக்கு ஆட்டுகிற கடை உண்மையிலேயே இருக்கிறது. கடைக்காரருக்கு மீசை இல்லை, கடைக்காரரே பெண். ஏழு பெண்கள் இல்லை. ஒரு மெஷின். ஒரு நாற்காலி.

"வெளக்கெண்ணெய் வேணும்" என்றேன்.

"எதுக்குங்க? வயித்துக்கா, தலைக்கா, இல்ல வெளக்குக்கா? வெளக்குக்குன்னா இது வேண்டாம், பூஜை சாமான் கடையில லேசா ஒண்ணு விக்கிறான், அத வாங்குங்க."

பஸ் ஸ்டாண்ட் கடைக்காரனும் ஜூன் 29 அன்று "வெளக்குக்குத்தான?" என்றுதான் கேட்டான். நான் "பின்ன சாம்பாருக்கா?" என்று பெரிதாகச் சிரித்தேன்.

எண்ணெய் கேனில் இறங்கியது. கயிறு மாதிரி, அறுபடாமல், அவசரமே இல்லாமல். இரண்டு லிட்டர் இறங்குவதற்குள் நான் எதிர்க்கடையில் ஒரு டீ குடித்து முடித்துவிட்டு வந்து மறுபடி நின்றேன். அத்தான் வைத்த பெயர் பொருத்தம்தான். நானும் மூன்று நாளாக இறங்கிக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஜூலை 19

காலை 5.30. எல்லா வரிக்கும் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

பழைய கேனில் இருந்தது விளக்கெண்ணெய் அல்ல. விளக்கு எண்ணெய். சேர்த்து எழுதினால் ஆமணக்கு, பிரித்து எழுதினால் சாமிக்கு ஏற்றுவது. புட்டியில் பிரித்துத்தான் எழுதியிருந்தது. அச்சுக்காரன் எழுத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். கீழே சின்ன எழுத்தில் மினரல் ஆயில் கலந்தது என்று இருக்கிறது.

ஜூன் 29 அன்று நான் சங்கரன்கோவில் போகவில்லை. பஸ் ஸ்டாண்ட் பூஜை சாமான் கடையில் வாங்கினேன். வெயிலாக இருந்தது. அன்று எழுதியது முழுவதும் பொய். ஏழு பெண்களும் பொய். மூன்று தட்டுக்கும் அந்த எண்ணெயைத்தான் ஊற்றினேன். பதினைந்தாம் தேதியே எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

செல்வியின் கணக்கில் தப்பு இல்லை.

புதிய கேன் மேஜைக்கு அடியில் இருக்கிறது.

அதே நாள், சாயங்காலம்

நோட்டைத் தராசின் மேல் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். பல் தேய்த்தேன். மறுபடி தேய்த்தேன். ஆறரைக்குச் செல்வி வந்தாள், கையில் நோட்டு. திட்டவில்லை. படியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள், அடிக்கோடு போட்டது, போடாதது எல்லாம். இஸ்ரோவைத் தாண்டினாள், மீசைக்காரரைத் தாண்டினாள். ஜூலை 2-க்கு வந்ததும் நிறுத்தினாள்.

"தண்ணீர் மாதிரி ஓடுகிறது" என்று சத்தமாகப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள்.

"மாமா, இந்த நோட்டு பூரா நீங்க அளந்த அளப்புல ஒரே ஒரு வரி நடந்தத அப்படியே எழுதியிருக்கிய. அதுக்கு அடிக்கோடு போடல. நானும் படிக்கல." நெற்றியில் நோட்டால் அடித்துக்கொண்டாள். "வெளக்கெண்ணெய் தண்ணி மாதிரி ஓடாதுன்னு எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. மூணு தட்டு, மாமா! மூணு தட்டு!"

"கண்டுபிடிப்புன்னு நினைச்சேன்."

"மினரல் ஆயில்னா மண்ணுக்கடியில இருந்து வர்றது, அதுல வெட்டுறதுக்கு முடிச்சே கிடையாது. காரம் சும்மா சுத்திச் சுத்தி வந்திருக்கு. அதான் ரெண்டும் மிஞ்சுச்சு." சொல்லச் சொல்ல அவள் குரலில் பழைய வேகம் வந்தது. சட்டென்று எழுந்தாள். "இன்னைக்கு மூணு தட்டும் ஊத்தணும். நின்னுகிட்டு இருக்கிய? தேங்கா எண்ணெய எடுங்க."

முதல் தட்டு 7.50. இரண்டாவது 11.20. மூன்றாவது பிற்பகல் 3.10. ஒவ்வொன்றுக்கும் தேங்காய் எண்ணெய் 750, நல்லெண்ணெய் 450, விளக்கெண்ணெய் 300. காரம் 224, தண்ணீர் 450. ஊற்றும்போது செல்வி பக்கத்தில் நின்று கேனையே பார்த்தாள். கயிறு மாதிரி இறங்கியது.

அதற்குமேல் அவள் என்னோடு பேசவில்லை.

ஜூலை 21

வியர்வை இல்லை. நாக்கில் இன்னும் லேசான சுரீர். அது அடங்கத்தான் நாலு வாரமாம். செல்வி பெட்டியைப் பரணில் ஏற்றவில்லை. இறக்கின இடத்திலேயே கிடக்கிறது. அதன்மேல் அக்கா வடகம் காயப்போட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 3

கெட்டுப்போன அறுபது கட்டியையும் செல்வி உருக்கி, மிஞ்சின காரம் தின்னும் அளவுக்கு நல்ல விளக்கெண்ணெய் ஊற்றிக் கிண்டினாள். உடம்புக்கு ஆகாது, ஒர்க்‌ஷாப்புக்கு ஆகும் என்றாள். அத்தான் முறைத்தபடி ஒன்றை எடுத்துக் கையைக் கழுவினார். இருபது வருடக் கிரீஸ் போய் உள்ளங்கை ரேகை தெரிந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஆயுள் ரேகை இவ்வளவு நீளமாவே?"

அப்படியானால் இவர் இன்னும் நெடுநாள் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

ஆகஸ்ட் 12

செல்வி புது நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். "இது சோப்புக்கு இல்ல. ஏழு பொம்பளைங்க, மீசைக்காரர், டிரைவர் எல்லாம் இதுல எழுதுங்க. அந்தப் பழைய நோட்டுல நடந்தது மட்டும். ரெண்டும் கலந்தா சுரீர்னு அடிக்கும் மாமா." ஜூன் 29 பக்கத்தைக் கிழித்துவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். "புகையில கண்ணீர் வடிய நின்னேன்னு எழுதியிருந்தியளே, அத நான் நெசம்னே நம்பிட்டேன்."

ஆகஸ்ட் 16

காலை 10.40. டாக்டரம்மா ஆட்டோவில் வந்தார். ஒரு கட்டியை எடுத்துக் கை கழுவினார், நுரை நின்றது. நாக்கு நுனியில் தொட்டார், முகம் சுளிக்கவில்லை. கட்டிகளை எண்ணினார். ஐம்பத்தொன்பது. கோணல் தட்டில் ஒன்று உடைந்துவிட்டது, தட்டு செய்தது நான். பரவாயில்லை என்றார். அடுத்த மாதத்துக்கு அறுபது. செல்வி உள்ளே போய் ஓசூருக்குப் போனில் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்து, வடகத்தை எடுத்துக் கீழே வைத்து, பெட்டியைப் பரணில் ஏற்றினாள்.

இவ்வளவுதான் நடந்தது. அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

புது நோட்டில் டாக்டரம்மா வந்தது காரில். பின்னால் இன்னொரு காரும் வந்தது.